பழையதை மாட்டிவிட்டுப் போன திருடன்

திருட்டுப் போன வீட்டில் இன்டர்நெட் ஓடிக்கொண்டிருந்தது. மாரீஸ்வரிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வெள்ளிக்கிழமை, பிற்பகல். பாலவனத்தத்தில் ஒரு காதுகுத்து விருந்தை முடித்துக்கொண்டு அவளும் கணவன் அழகுராஜாவும் அப்போதுதான் வேலாங்குளத்தில் வந்து இறங்கியிருந்தார்கள். பூட்டைத் திறந்து உள்ளே வந்தவள், கூடத்துச் சுவரில் உயரமாக அடித்திருந்த பலகையைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை அதில் வைத்த புது ரூட்டரைக் காணோம். அதே சமயம் அவள் கையிலிருந்த போன் டிங் டிங்கென்று சத்தம் போட்டது. வீட்டு வைஃபையில் அது தானாகச் சேர்ந்துகொண்டிருந்தது. வைஃபையின் பெயர் 'மயில்'. பழைய ரூட்டரின் பெயர்.

படுக்கையறைக்குப் போனாள். பரணில் தூக்கிப் போட்டிருந்த பழைய ரூட்டர், வருஷக்கணக்காக இருந்த அதே ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. அதன் மேலிருந்த தூசியைக்கூட யாரோ துடைத்திருந்தார்கள்.

"எவன்டி இவன்! திருட வந்த இடத்துல வேலை பாத்துக் குடுத்துட்டுப் போயிருக்கான்?" என்றான் அழகுராஜா.

மாரீஸ்வரி அதற்குள் அறையை நோட்டம்விட ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு வேலையே இதுதான். ஒரு வாகன இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, வீட்டிலிருந்தபடியே, விபத்தென்று சொல்லிப் பணம் கேட்பவர்களை வீடியோவில் விசாரிப்பாள். லாரி இடித்ததென்று சொல்லப்பட்ட காரின் கதவில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருப்பதைப் பார்த்து, அது காம்பவுண்டுச் சுவரில் உரசிய கார் என்று கண்டுபிடித்தவள். வாயால் சொல்வதை அப்புறம் கேட்போம், முதலில் இருப்பதைப் பார்ப்போம் என்பது அவள் பழக்கம்.

இருப்பதைப் பார்த்தாள்.

அலமாரிக்கு மேலே புது ரூட்டரின் அட்டைப் பெட்டி அப்படியே இருந்தது. கூடத்து பிளக்கில் அதன் அடாப்டர் தொங்கிக்கொண்டிருந்தது. லாக்கரில் கைபடவில்லை. லேப்டாப் மேஜைமேலேயே கிடந்தது. முன்வாசல் பூட்டு அவள் போட்டபடி இருந்தது. பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அது எப்போதுமே அப்படித்தான். அதைத் திறந்தால் பொதுமுற்றம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அழகுராஜாவின் அண்ணன் சுந்தரபாண்டியின் வீடு.

"ஸ்டேஷனுக்குப் போவமா?" என்றான் அழகுராஜா.

"எதுக்கு? நெட்டு ஓடுதுன்னு சொல்றதுக்கா?"

சிரிப்பு வந்தாலும் அவளுக்கு வேறொரு கவலை இருந்தது. திங்கட்கிழமை காலையில் அவளுடைய லைனைச் சோதிக்கப்போகிறார்கள். சென்னையிலிருக்கும் மேலாளர் சண்முகவேல் கறாராகச் சொல்லிவிட்டார்: "பேசிக்கிட்டு இருக்கும்போதே உங்க முகம் உறைஞ்சு போகுது மேடம். திங்கட்கிழமையும் வீடியோ சரியா வரலைன்னா, நீங்க ஆபீஸுக்கே வந்துரணும்." குடும்பத்தோடு சென்னைக்குப் போவதென்றால் அருப்புக்கோட்டையில் அழகுராஜா நடத்தும் விசைத்தறியை யார் பார்ப்பது? அதற்காகத்தான் புது ரூட்டர். லைன்காரர்கள் வேகத்தைக் கூட்டிக் கொடுத்து வெகுநாளாகியும், பழைய பெட்டி அதில் கால்வாசியைக்கூட வெளியே விடவில்லை.

அந்தப் பழைய பெட்டி ஊரடங்குக் காலத்தில் வாங்கியது. சுந்தரபாண்டியின் மகள் காளீஸ்வரி அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். பாடமெல்லாம் அவளுடைய டேப்லெட்டில் நடந்தது; வீட்டில் அதை டேப் என்பார்கள். அவளுக்கு எட்டட்டும் என்றுதான் பெரியவர் சுந்தரபாண்டியின் வீட்டைப் பார்த்த ஜன்னலில் ரூட்டரை வைத்தார்கள். 'மயில்' என்று பெயர் போட்டவளும் அவள்தான். படிப்பு முடிந்த பிறகு காளீஸ்வரி தெற்குத் தெரு பால்ச்சாமியின் மகன் சதீஸ்குமாரைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். சதீஸ்குமார் அங்கே கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பால்ச்சாமியோ முன்பு சுந்தரபாண்டியின் காட்டில் கூலிக்கு உழுதவர். "எனக்கு மகளே இல்லை" என்று சுந்தரபாண்டி ஊர் கேட்கச் சொன்னார். அதன் பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. காளீஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்து, அது இப்போது நடக்கவும் தொடங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை நடந்ததை மாரீஸ்வரி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கேபிள்காரன் மாரிச்செல்வம் வந்து புது ரூட்டரை மாட்டினான்.

"கூடத்துல, உசரத்துல வைங்கக்கா. ஃப்ரிட்ஜ் பக்கம் வேணாம். இதுல ரெண்டு அலை இருக்கு. ஒண்ணு தூரமாப் போகும், ஆனா வேகம் மட்டு. இன்னொண்ணு இந்தச் சுவத்துக்குள்ளதான், ஆனா பறக்கும். பழசுல அந்த ரெண்டாவது கெடையாது" என்று விளக்கம் சொன்னான். கூடத்து மூலையில் லைன் வந்து இறங்கும் சின்ன வெள்ளைப் பெட்டியிலிருந்து படுக்கையறைக்குப் போன நீள வயரைப் பிடுங்கி, குட்டை வயர் ஒன்றைப் போட்டுப் புது ரூட்டரில் சொருகினான். நீள வயர் சுவரோரமாக அப்படியே கிடந்தது. மாரீஸ்வரி புதுப் பெயரும் புதுப் பாஸ்வேர்டும் போட்டாள்.

அப்போது வேடிக்கை பார்த்தவர்கள் இரண்டு பேர். மேற்கு வீட்டுப் பொன்ராஜ் ஒருவன். பால் கொள்முதல் நிலையம் வைத்திருப்பவன், கிரிக்கெட் பைத்தியம். இங்கே வந்து உட்கார்ந்து மேட்ச் பார்ப்பவன் என்பதால் பழைய பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். "அக்கா, பழசு சும்மாத்தான கெடக்கும், எனக்குத் தாரீகளா?" என்று கேட்டான். இன்னொருவர் முருங்கைக்காய் கொடுக்க வந்த சுந்தரபாண்டி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்த வயர் எந்த ஓட்டையில் போகிறது என்று கடைசிவரை நின்று பார்த்தார். "பழசைத் தூக்கிப் போட்டுராத தாயி. இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் இரண்டு நாளும் வீடியோ தண்ணீர்போல் ஓடியது. வியாழக்கிழமை காளீஸ்வரியிடமிருந்து ஒரு வாட்ஸப் வந்தது. 'சித்தி, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காகளா? அப்பா நல்லா இருக்காரா?' எப்போதாவது பேசுகிறவள்தான். எல்லாரும் சௌக்கியம் என்று மாரீஸ்வரி பதில் போட்டாள்.

முதலில் மாரிச்செல்வத்துக்குப் போன் செய்தாள்.

"நேத்திருந்து வீரசோழன் ஊர்ல கெடக்கேன்கா. ஒரு மண்டபத்துக்கு லைன் இழுக்கோம். என்ன, ரூட்டரைக் காணமா?"

"ரூட்டரை மட்டும். அடாப்டர் இங்கதான் இருக்கு. அட்டைப் பெட்டியும் இருக்கு."

மறுமுனையில் மாரிச்செல்வம் சிரித்தான். "அடாப்டர் இல்லாம அந்தப் பொட்டி செங்கலுக்குச் சமானம்கா. விக்கவும் முடியாது. வெவரம் தெரிஞ்சவன் எடுக்கல."

அவள் போனை வைப்பதற்குள் தெருவில் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பால் நிலையத்து வாசலில் அழகுராஜா பொன்ராஜின் சட்டையைப் பிடித்திருந்தான். பால் கேன்களுக்கு நடுவே நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பழசு வேணும் பழசு வேணும்னு கேட்டவன் நீதான? ஓசி நெட்டு நின்னு போச்சுன்னு உள்ள எறங்கிட்டியாலே?"

"அண்ணே, கையெடு. மேச்சு பாக்குறதுக்கு நான் திருடணுமா? எங்கிட்ட என்ன போன்ல நெட்டு இல்லையா?" பொன்ராஜுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கோபத்தைவிட அவமானம் அதிகமாகத் தெரிந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுந்தரபாண்டி வந்தார். தோளில் துண்டு, காலெல்லாம் கரிசல் மண். தம்பியின் கையை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார்.

"அவன் மேல கைய வைக்காதலே. அவன் எடுக்கல."

"ஒனக்கு எப்படிண்ணே தெரியும்?"

சுந்தரபாண்டி ஒரு கணம் தயங்கினார். "அவன் அப்படிப்பட்ட பய இல்ல. அம்புட்டுத்தான். ஒரு ரூட்டருக்காக ஊர்ல ஒருத்தன் மானத்த வாங்குவியா? வீட்டுக்குப் போ."

அழகுராஜா முணுமுணுத்துக்கொண்டே போனான். பொன்ராஜ் யாரையும் பார்க்காமல் பால் கேனைக் கழுவ ஆரம்பித்தான். தன் வீட்டுப் பொருளுக்காக ஒரு மனுஷன் தலை குனிந்து நிற்பது மாரீஸ்வரிக்குச் சுருக்கென்று தைத்தது. திங்கட்கிழமை சோதனையைவிட இது அவசரமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை, மாலை. மாரீஸ்வரி முற்றத்தைத் தாண்டிப் பெரியவர் வீட்டுக்குப் போனாள்.

சுந்தரபாண்டியின் மனைவி ஜெகதீஸ்வரி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். மிஷினில் ஒரு குட்டிப் பட்டுப் பாவாடை ஓடிக்கொண்டிருந்தது. மாரீஸ்வரியைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினாள். பாவாடை ஓசூருக்குப் போவது. மகளோடு ஜெகதீஸ்வரி தினம் போனில் பேசுவதும், பேத்தியின் போட்டோ அவள் போனில் நிறைந்து கிடப்பதும் புருஷன் ஒருத்தரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

"மத்தியானம் யாராச்சும் முற்றத்துப் பக்கம் வந்தாகளாக்கா?"

"நான் திருச்சுழிக்கு நூல் வாங்கப் போயிட்டேன்த்தா. அவுகதான் வீட்டுல இருந்தாக."

சுந்தரபாண்டி உள்ளேயிருந்து வந்தார்.

"நீங்க யாரையும் பாத்தீகளா மச்சான்?"

"இல்ல தாயி. மூட்டை ரூம்புல இருந்தேன். வத்தலுக்குக் காத்து விட்டுக்கிட்டு இருந்தேன்."

"சத்தம் கித்தம்?"

"கேக்கல."

அவர் பார்வை மிஷின் பக்கம் திரும்பியது. "ரெண்டு விரக்கடை கூட விட்டுத் தை. பழைய அளவுலயே வெட்டியிருக்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"பாத்தியா, தையலும் அவுகளுக்கு அத்துபடி" என்று ஜெகதீஸ்வரி சிரித்தாள். மாரீஸ்வரியும் சிரித்தாள். எதற்கும் இருக்கட்டுமென்று மூட்டை அறையை எட்டிப் பார்த்தாள். மிளகாய் வற்றல் மூட்டைகள், பருத்திக்கொட்டைச் சாக்குகள், ஒரு பழைய நார்க்கட்டில். கட்டிலுக்கு மேலே சுவிட்ச் போர்டிலிருந்து ஒரு வெள்ளை சார்ஜர் வயர் தொங்கியது. சுந்தரபாண்டி வைத்திருப்பது பட்டன் போன். அதன் கறுப்புச் சார்ஜர் கூடத்து ஆணியில் மாட்டியிருந்ததை அவள் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

சனிக்கிழமை, காலை. மாரீஸ்வரி காபி டம்ளரோடு படுக்கையறை ஜன்னலருகே நின்றாள். எதிரே பழைய ரூட்டர். அதன் இரண்டு கொம்புகளும் கிழக்கே, பெரியவர் வீட்டைப் பார்த்து வளைத்து வைக்கப்பட்டிருந்தன.

திருடனுக்குப் புது ரூட்டர் வேண்டாம். வேண்டுமென்றால் அடாப்டரை விட்டுவிட்டுப் போகமாட்டான். பழைய ரூட்டரும் வேண்டாம். வேண்டுமென்றால் பரணிலிருந்து எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு போயிருப்பான். அவனுக்கு வேண்டியது பழைய ரூட்டர் ஓட வேண்டும், அதுவும் இந்த ஜன்னலில் ஓட வேண்டும் என்பதுதான். பொன்ராஜ் வீடு மேற்கே. அவனாக இருந்தால் கூடத்திலேயே வைத்திருப்பான். இந்த ஜன்னலில் வைத்தால் அவன் வீட்டுக்கு ஒரு புள்ளிகூட எட்டாது.

கிழக்கு வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஜெகதீஸ்வரிக்கு வைஃபை தேவையில்லை, போனில் டேட்டா போட்டிருக்கிறாள். தேவையென்றால் வாய்விட்டுக் கேட்டுப் புதுப் பாஸ்வேர்டை வாங்கியிருப்பாள். அப்படியானால் கேட்க முடியாதவர் யார்?

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. கையிலிருந்த காபி டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டாள்.

ரெண்டு விரக்கடை கூட விட்டுத் தை.

யாருக்குத் தைக்கிறாள் என்றே தெரியாத மனுஷனுக்கு, அது பழைய அளவு என்று எப்படித் தெரியும்?

சுந்தரபாண்டி மூட்டை அறையில் தனியாகத்தான் இருந்தார். ஜெகதீஸ்வரி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் மாரீஸ்வரி வந்தாள். வீடியோவில் எத்தனையோ பேரிடம் 'நீங்கள் சொல்வது உண்மையில்லை' என்று முகத்துக்கு நேராகச் சொன்னவளுக்கு, இந்த மனுஷனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு சுடுசொல் சொல்லாதவர்.

கதவோரமாக நின்றாள்.

"மச்சான், அந்த டேப்பு நல்லா ஓடுதா?"

அவர் கையிலிருந்த வற்றல் அப்படியே நின்றது.

"எந்த டேப்பு?"

"காளி படிச்சிட்டு விட்டுட்டுப் போன டேப்பு. இங்க தொங்குற வெள்ளை சார்ஜர் அதுக்குத்தான. அவ போன்ல இருக்குற அதே கணக்குதான் அதுலயும் இருக்கு. அவ எடுக்குற போட்டோவெல்லாம் வைஃபை கெடைச்சா தானா அதுல வந்து எறங்கும். செவ்வாக்கெழம நான் பேரையும் பாஸ்வேர்டையும் மாத்தினதும் நின்னு போச்சு. எங்கிட்டக் கேட்டா எதுக்குன்னு நான் கேப்பேன். அதனால நீங்க கேக்கல."

சுந்தரபாண்டி கையிலிருந்த வற்றலை மூட்டைக்குள் போட்டார். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பொன்ராஜ் எடுக்கலன்னு அம்புட்டு உறுதியாச் சொன்னீக. எடுத்தவுகளுக்குத்தான் அந்த உறுதி வரும். ஆனா எனக்குக் காட்டிக் குடுத்தது அது இல்ல மச்சான். பாவாடை. பிள்ள வளந்துருச்சுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பாத்துக்கிட்டே இருக்குற கண்ணுக்குத்தான் அந்த ரெண்டு விரக்கடை தெரியும்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துணி உறையை எடுத்தார். உள்ளே டேப். கண்ணாடியில் ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. மற்றபடி பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

"தூக்கிப் போடலாம்னுதான் எடுத்தேன் தாயி. சார்ஜ் இருக்கான்னு பாக்கப் போனேன். தொறந்தா, பிள்ள. பொறந்து மூணாம் நாளோ நாலாம் நாளோ. கைய முட்டிக்கிட்டுத் தூங்குது." துண்டு நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். "தெனம் சாயங்காலம் வந்து பாப்பேன். மேல ஒரு விசிறி மாதிரி இருக்கும்ல, அது இருந்தா புதுசா வரும். செவ்வாக்கெழம சாயங்காலம் அந்த விசிறியக் காணோம். ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தேன். அதுக்கு மேல முடியல."

"என்னையக் கேட்டிருக்கலாம்ல மச்சான்?"

"என்னன்னு கேப்பேன்? மகளே இல்லைன்னு சொன்ன வாயால எப்படிக் கேப்பேன்?"

எழுந்து போய்ப் பருத்திக்கொட்டைச் சாக்கைப் பிரித்தார். பாலித்தீன் தாளில் சுற்றி, அதற்கு மேல் துண்டைச் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த புது ரூட்டரை வெளியே எடுத்து அவளிடம் நீட்டினார். "ஒனக்கு வேலைக்கு ஆகணும்னு தெரியும். அதுதான் ராத்திரியெல்லாம் உறுத்துச்சு. கொண்டுபோ. பொன்ராஜ்கிட்ட நானே போய்ச் சொல்லிக்கிறேன். பழசை எடுத்துரு. நான் பாக்கல, போ."

"பழசை எடுக்கத்தான் போறேன். நீங்களும் பாக்கத்தான் போறீக."

அவளுக்கு ஒரே வருத்தம், இது செவ்வாய்க்கிழமையே தோன்றவில்லையே என்பதுதான். வீட்டுக்கு வந்து புது ரூட்டரைக் கூடத்துப் பலகையில் ஏற்றி, லேப்டாப்பில் அதன் அமைப்பைத் திறந்தாள். பறக்கும் அலைக்குத் தன் புதுப் பெயரையே விட்டுவிட்டாள். தூரம் போகும் அலைக்கு 'மயில்' என்று பெயர் போட்டு, காளீஸ்வரி வைத்த பழைய பாஸ்வேர்டையே எழுத்து மாறாமல் கொடுத்தாள். பழகிய பெயரும் பழகிய பாஸ்வேர்டும் இருந்தால் டேப் எந்தக் கேள்வியும் கேட்காது. பெட்டி மாறியதே அதற்குத் தெரியாது.

முற்றத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சுந்தரபாண்டி, சின்னப் பையன்போல் சத்தம் போட்டார்.

"ஏத்தா, விசிறி வந்துருச்சு!"

வராமல் நின்ற படங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பிள்ளை தண்ணீர் வாளிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை செருப்பை மாற்றிப் போட்டிருக்கிறது. பிள்ளை எதற்கோ கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியிருக்கிறது.

"இன்னொண்ணு சொல்லணும் மச்சான். வியாழக்கெழம காளி எனக்குச் செய்தி அனுப்புனா, அப்பா நல்லா இருக்காரான்னு. அவ கணக்குல எந்தெந்தக் கருவி முழிச்சிருக்குன்னு அவளுக்குத் தெரியும். இந்த டேப்பு தெனம் முழிக்கிறது இம்புட்டு நாளும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. ரெண்டு நாளா முழிக்கலைன்னதும் பயந்துட்டா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நெனைக்கிறேன். இல்லன்னா எப்பவோ மூடியிருப்பா. நீங்க பாக்கணும்னுதான் தொறந்தே வச்சிருக்கா."

சுந்தரபாண்டி டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க வெளியே வரவில்லை. மறுநாள் பால் நிலையத்து வாசலில் பத்துப் பேர் முன்னிலையில் பொன்ராஜின் தோளில் கைபோட்டு, "எடுத்தது நான்தாம்ப்பா. என்னால ஒனக்குச் சங்கட்டம்" என்று சொன்னாராம். ஏன் எடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அழகுராஜாவும் பின்னாலேயே போய், பழைய ரூட்டரை அவன் கையில் கொடுத்து, "மன்னிச்சுக்கடா" என்றான். பொன்ராஜ் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தால்தான் ஆச்சு என்றான்.

திங்கட்கிழமை, காலை. சண்முகவேல் வீடியோவில் வந்தார். பேசினார், கோப்புகளை அனுப்பச் சொன்னார், இன்னும் இரண்டு பேரை ஒரே நேரத்தில் இணைத்துப் பார்த்தார். எந்த முகமும் உறையவில்லை. "என்ன மேடம் பண்ணீங்க? எங்க ஆபீஸ் லைனே இப்படி இல்லையே" என்றார். ஊரிலேயே இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார். மாரீஸ்வரி ஹெட்போனைக் கழற்றி வைத்து, நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

பின்கதவு லேசாகத் தட்டப்பட்டது. சுந்தரபாண்டி. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். கையில் டேப். பின்னால் ஜெகதீஸ்வரி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"எங்கிட்ட மறைச்சு மறைச்சு இவுகளும் பாத்துருக்காகத்தா. நான் ஒரு பக்கம், இவுக ஒரு பக்கம்" என்றாள்.

சுந்தரபாண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "தாயி, அங்க எடுத்தா இங்க வருதுல்ல. இங்க எடுத்தா அங்க போகுமா?"

மாரீஸ்வரி நாற்காலியை விட்டு எழுந்தாள். "போகும் மச்சான். அதே கணக்குதான்."

"எத அமுக்கணும்?"

தொட்டுக் காட்டினாள். அவர் டேப்பை இரண்டு கையாலும் தூக்கி, முகத்துக்கு நேரே பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கினார். படத்தில் பாதி நெற்றியும் ஒரு காதும் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியும்தான் விழுந்திருந்தன. இன்னொன்று எடுக்கலாம் என்று மாரீஸ்வரி சொல்வதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது. புது ரூட்டரின் வேகம் அப்படி.

மூன்று பேரும் கூடத்தில் நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. ஜெகதீஸ்வரி வாசல் பக்கம் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். சுந்தரபாண்டி டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரீஸ்வரியின் போன் அடித்தது. காளீஸ்வரி. வீடியோ கால்.

மாரீஸ்வரி எடுத்து, போனைச் சுந்தரபாண்டி பக்கம் திருப்பிப் பிடித்தாள். திரையில் காளீஸ்வரி. அழுது கண் வீங்கியிருந்தது. இடுப்பில் பிள்ளை. அது போனைப் பிடுங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. படம் ஒரு இடத்தில்கூட உறையவில்லை.

"அப்பா" என்றாள்.

சுந்தரபாண்டி டேப்பை மனைவியிடம் நீட்டினார். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்புறம் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, கணீரென்று கேட்டார்:

"ஏத்தா, மாப்பிள்ளை வேலைக்குப் போயிட்டாரா? சாப்பிட்டுத்தான போனாரு?"